கட்டிலுக்கு அடியில் இரண்டு ரவுட்டர்கள்

கோவை மத்திய சிறை,
9.7.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சிவராஜ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உனக்கும் அம்மாவுக்கும் எப்படி இருக்கிறது? அம்மாவின் கால்வீக்கம் வடிந்ததா? போனில் பேசக் கிடைக்கும் நேரம் அம்மா அழுவதற்கே சரியாகிவிடுகிறது. எதையும் கேட்க முடிவதில்லை. நீ கேஸில் சாட்சி என்பதால் ஜெயிலில் மனுப் போட்டு என்னைப் பார்க்க வரக் கூடாது என்று வக்கீல் சொல்கிறார். அதனால்தான் கடிதம். இங்கே எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், கொடுப்பார்கள். அதை மனதில் வைத்து எழுது.

மச்சானை நான் டிரில்லிங் மெஷினால் அடித்துத் தோள்பட்டையை உடைத்தேன் என்பது கேஸ். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாதாம். கம்பெனி வாசலில் அத்தனை பேர் பார்க்க அவர் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது மட்டும் யாருடைய கேஸிலும் இல்லை.

எழுத வந்த விஷயம் இது. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில், நெட்வொர்க் வேலை பழக நான் சேர்த்த என் லேப் இருக்கிறது. இரண்டு ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், கொஞ்சம் கேபிள். மூடிப்போன ஆபீஸ்களின் பழைய சாமான், கோவையில் காயலான் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. நெட்வொர்க் சர்ட்டிபிகேட் பரீட்சை எழுதிவிட்டால் காலம் முழுக்கப் பனியன் கம்பெனிகளில் கேமரா மாட்டிக்கொண்டு ஏணியில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். இனி எதற்கு? என் சிநேகிதன் பிரதீப்பைக் கூப்பிட்டு விற்றுவிடு. வக்கீலுக்கு ஆகும்.

அம்மாவை மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல்.

உன் தம்பி,
சிவராஜ்


நெருப்பெரிச்சல்,
30.7.2023

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவும் நானும் சுகம். வீக்கம் குறைந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

லேப்பை விற்கவில்லை. விற்கப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை வெளியே இழுத்துப் பிரித்தேன். ரவுட்டரின் ஃபேனில் பனியன் பஞ்சு அப்பிக்கிடந்தது. கம்பெனியில் மெஷின் துடைக்கிற பிரஷ் ஒன்றை வாங்கி வந்து சுத்தம் செய்தேன். நூல் கோன் வருகிற பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறேன்.

கல்யாணம் பேசியபோது என் கம்ப்யூட்டர் டிகிரியைப் பாதியில் நிறுத்தினார்கள், உனக்கு நினைவிருக்கும். கொமரலிங்கத்தில் மாமியார் வீட்டில் இருந்த வருடங்களில் நான் படித்தது மளிகை சுற்றி வந்த பேப்பர் மட்டும்தான். இப்போது கம்பெனியில் புரொடக்‌ஷன் ரிப்போர்ட் அடிக்கிறேன். சாகும்வரை அதையே அடிக்க முடியாது. அந்தப் பரீட்சையை நான் எழுதுகிறேன்.

அந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சைப் போட்டதும் அதன் ஃபேன் சத்தத்தில் ஊரே அதிர்கிறது. லைன் வீட்டுக்கார மயிலாக்கா ஓடி வந்து, "ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள நிட்டிங் மெஷினு ஏதாச்சும் போட்டுட்டியா?" என்று கேட்டார். ரவுட்டரோ பாஸ்வேர்ட் கேட்கிறது. நீ எழுதி வைத்தது எதுவும் பொருந்தவில்லை. என்ன செய்ய?

அன்புடன்,
அனிதா


கோவை மத்திய சிறை,
20.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருந்தது. இப்போது இல்லை.

அந்த பாஸ்வேர்ட் பழைய ஆபீஸ்காரன் போட்டது, எனக்கும் தெரியாது. ரவுட்டரை அணைத்துப் போடு. அது எழுந்திருக்கும்போதே பிரேக் என்ற விசையை அழுத்த வேண்டும். நம் லேப்டாப்பில் அந்த விசை கிடையாது. டெர்மினல் ஜன்னலின் மேல்பட்டையில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்து, ஒரு பட்டியல் வரும், அதற்குள் பிரேக் இருக்கும். பிறகு ரிஜிஸ்டர் எண்ணை 0x2142 என்று மாற்றினால் பழையதைப் படிக்காமல் எழுந்திருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் 0x2102க்குக் கொண்டுவந்துவிடு. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் நீ சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு எழுந்திருக்கும்.

புதிதாக எதையும் வாங்காதே. பரீட்சைக்கு இதுவே அதிகம். மீதியை லேப்டாப்பிலேயே ரவுட்டர் மாதிரி நடிக்கிற இலவச சாப்ட்வேரில் பழகிக்கொள்ளலாம். ஆனால் கேபிளை மட்டும் கையால் பிடித்துச் செருகிப் பழகு.

மயிலாக்காவிடம் கோபித்துக்கொள்ளாதே. காலையில் அவர் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில் ஸ்விட்ச்சைப் போடு.

தம்பி,
சிவராஜ்


நெருப்பெரிச்சல்,
24.9.2023

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அம்மாவுக்கு ஜலதோஷம் மட்டும். அங்கே கொசு அதிகம் என்று நீ போனில் சொன்னதாக அம்மா சொன்னாளே, உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

ரவுட்டர் திறந்துவிட்டது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சாமி இருக்குது?" என்றாள். "வழி இருக்குதும்மா" என்றேன்.

ஸ்விட்ச்சுக்குள் பழைய கம்பெனியின் விவரம் அப்படியே கிடந்தது. யாரோ பொறுமையாக ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் கொடுத்திருந்தார். அக்கவுண்ட்ஸ், சாம்பிள் ரூம், எம்.டி. கேபின். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அழிப்பதற்குக் கை வரவில்லை. பிறகு அழித்தேன்.

ஒரே ஸ்விட்ச்சை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பேசுவது மறுபக்கத்துக்குக் கேட்காதபடி செய்யவும் கற்றுக்கொண்டேன். பிரதீப் வந்து பார்த்துவிட்டு, "உங்க தம்பிக்கு இது ஒரு மாசம் புடிச்சுதுங்க்கா" என்றான். உன்னை மட்டம் தட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

இப்போது ஒரு சிக்கல். இரண்டு ரவுட்டரையும் இணைத்தேன், அந்தப் பக்கத்துக்கு வழியும் எழுதினேன். ஆனாலும் இங்கிருந்து அனுப்பினால் பதில் வரவே இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

அக்கா,
அனிதா


கோவை மத்திய சிறை,
22.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்கும் அம்மா சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

கேபிளில் தப்பில்லை. முதல் ரவுட்டரிடம் போகிற வழியைச் சொல்லியிருக்கிறாய். இரண்டாவது ரவுட்டரிடம் திரும்பி வருகிற வழியைச் சொல்லவில்லை. நீ அனுப்புவது போய்ச் சேருகிறது, பதில்தான் வழி தெரியாமல் விழுகிறது. அங்கேயும் ஒரு வரி எழுது.

ஜாமீன் மனு மறுபடியும் தள்ளுபடி. மச்சான் தரப்பில் கடுமையாக எதிர்த்தார்களாம். கொலை முயற்சி என்று பிரிவு போட்டிருப்பதால் பத்து வருடம்கூடக் கிடைக்கலாம் என்று இங்கே இருக்கும் ஒருவர் கணக்குச் சொல்கிறார். வெளியே வரும்போது எனக்கு என்ன வயதாகியிருக்கும் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. காலையில் கண் விழித்ததும் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பக்கத்து பிளாக்கில் ஒருவன் துண்டைக் கிழித்து முடிச்சுப் போட்டிருக்கிறான், நல்லவேளையாகப் பார்த்துவிட்டார்கள். அவன் செய்தது எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாதே.

சிவராஜ்


நெருப்பெரிச்சல்,
5.11.2023

கண்ணு சிவராஜ்,

அம்மாவிடம் சொல்லவில்லை. நான் படித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன். சாப்பிடு. எனக்காகச் சாப்பிடு. உன்னை அங்கே விட்டுவிட மாட்டோம்.

திரும்பி வருகிற வழியை எழுதியதும் பதில் வந்துவிட்டது. பரீட்சைக்கு ஜனவரி கடைசியில் கோவையில் தேதி எடுத்திருக்கிறேன். பிரதீப் பைக்கில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறான். அவன் வேலை செய்கிற இடத்தில் நெட்வொர்க் பார்க்க ஆள் தேடுகிறார்களாம், பாஸானால் என் பெயரைச் சொல்வானாம்.

கொமரலிங்கத்திலிருந்து பெரிய மாமா, அதுதான் உன் மச்சானின் பெரியப்பா, வந்திருந்தார். இளநீர் கொண்டுவந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். வேறொன்றும் இல்லை.

தைரியமாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
அனிதா


கோவை மத்திய சிறை,
3.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். போன கடிதத்தில் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு மனசு சரியில்லை, அவ்வளவுதான். அம்மா சுகமா?

அந்தப் பெரியப்பா எதற்கு வந்தார்? போன தடவை அவர் நம் வாசலில் நின்று என்ன பேசினார் என்று மறந்துவிட்டாயா? இளநீரைக் கீழே கொட்டியிருக்க வேண்டும். மறுபடி வந்தால் கதவைத் திறக்காதே. போனில் அம்மாவிடம் கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்குடா கண்ணு" என்று பேச்சை மாற்றுகிறாள்.

பரீட்சைக்கு ஐ.பி. முகவரிகளைப் பிரிக்கிற கணக்கைக் கையால் போட்டுப் பழகு. கால்குலேட்டர் தர மாட்டார்கள். வேலையைப் பற்றி நீ எழுதியதை இங்கே இரண்டு பேரிடம் சொன்னேன். என் அக்கா நெட்வொர்க் இன்ஜினியர் ஆகப்போகிறாள் என்றேன்.

லேப்பில் இப்போது என்ன செய்கிறாய் என்று விவரமாக எழுது. எனக்கு அதுதான் பொழுது.

சிவராஜ்


நெருப்பெரிச்சல்,
7.1.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சாப்பிடுவது கேட்டு நிம்மதி.

பதில் எழுத நேரமாகிவிட்டது. கம்பெனியில் வேலை அதிகம். லேப்பைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். படிப்பதற்குப் புத்தகம் போதும்.

அடுத்த வாய்தாவுக்கு நான் கோர்ட்டுக்கு வருவேன். நீ முகச்சவரம் செய்துகொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வா. உன்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

குளிருக்குப் போர்த்திக்கொண்டு படு.

அனிதா


நெருப்பெரிச்சல்,
11.3.2024

அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை.

கோர்ட்டில் நீ கூண்டில் ஏறி, "கரண்ட்டு போயிருந்துச்சுங்க, யாரு அடிச்சதுன்னு பாக்கலீங்க" என்று சொன்னாய். என் பக்கம் திரும்பவே இல்லை. உனக்கு முன்னால் மச்சானும் அதையேதான் சொன்னார். வக்கீல் கெட்டிக்காரர், எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நீ போய் அந்தப் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தாய். சாட்சிகள் உட்காருகிற பெஞ்சு என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

வியாழக்கிழமை விடுதலை. காந்திபுரத்தில் உனக்குப் பிடிக்குமே என்று பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா கதவைத் திறந்தாள். உன் செருப்பைக் காணோம். வேலைக்குப் போயிருப்பாய் என்று நினைத்துக் காத்திருந்தேன். விளக்கு வைத்த பிறகும் நீ வரவில்லை. "அக்கா எங்கம்மா?" என்றேன்.

"அவ ஊட்டுக்குப் போயிட்டா கண்ணு."

"எந்த ஊட்டுக்கு?"

"பொங்கலுக்கு அடுத்தநா வந்து கூட்டிட்டுப் போனாங்க. புள்ள வந்துட்டா கேஸை விட்டுர்றோம்னாங்க. நீ வெளிய வரோணும்ல சாமி?"

நான் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், பிறகு காலைப் பிடித்தேன்.

உன்னை யார் கேட்டது, அக்கா? சோறு இறங்கவில்லை என்று நான் எழுதினேனே, அதற்காகவா? அடிபட்டுக் காது வீங்கி நீ இந்த வாசலுக்கு வந்தபோது, இனி அங்கே போகவே மாட்டேன் என்று சொன்னவள் நீ. பரீட்சை அன்று காலை பிரதீப் பைக்கோடு வந்து நின்றானாம். விஷயம் தெரியாமல் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம்.

உன் நம்பர் அணைந்திருக்கிறது. கொமரலிங்கம் வீட்டு முகவரிக்குத்தான் எழுத முடிகிறது. பதில் எழுது.

சிவராஜ்


கொமரலிங்கம்,
14.4.2024

அன்புள்ள தம்பி சிவராஜுக்கு,

இவ்விடம் யாவரும் நலம். உன் மச்சான் நலமாக இருக்கிறார். அவர் தோள் இப்போது தேவலை. நீ விடுதலையானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பெரிய மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். நடந்ததை மறந்து அவரவர் வேலையைப் பார்ப்போம், ஒரு வருடத்துக்காவது நீ இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றும் எழுதச் சொன்னார்.

இங்கே சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் போன் வைத்துக்கொள்ளவில்லை. தோப்பில் வேலை நிறைய. பொழுது போவது தெரியவில்லை.

லேப்பை விற்றுவிடு. எனக்கு அது இனித் தேவைப்படாது. நீயாவது பரீட்சை எழுது.

எழுத்து கோணலாக இருந்தால் தவறாக நினைக்காதே. கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையில் அடி. சரியாகிவிடும்.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அனிதா லிங்கசாமி


நெருப்பெரிச்சல்,
5.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு சுகமில்லை என்றில்லை, ஆனால் உன் கடிதத்தைப் படித்துக்காட்டியதிலிருந்து அவள் நீ இருக்கிற தெற்குத் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். உன் கை எப்படி இருக்கிறது?

உன் கல்யாணத்தில் அந்த வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டவன் நான். அங்கே கிணறு கிடையாது. போர்வெல்தான்.

இந்தக் கடிதத்தை மச்சான் படித்தாலும் சரி, பெரிய மாமா படித்தாலும் சரி. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் யாரையும் தொட மாட்டேன். கையில் ஒன்றும் கொண்டுவர மாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கொமரலிங்கம் பஸ் ஸ்டாப் எதிரே இருக்கும் டீக்கடையில் வந்து உட்காருவேன். உடுமலைக்குக் கடைசி பஸ் போகும்வரை உட்கார்ந்திருப்பேன். நீ கட்டிய சேலையோடு வந்தால் போதும், சேர்ந்து பஸ் ஏறலாம். வராவிட்டால் நான் திரும்பிப் போவேன். அடுத்த ஞாயிறும் வருவேன்.

கேஸை நினைத்துப் பயப்படாதே. வக்கீலைக் கேட்டேன், தீர்ப்பு வந்துவிட்டது. அவர்கள் அப்பீல் போவது அவ்வளவு சுலபமில்லை என்கிறார். போனாலும் போகட்டும். அந்த ஜெயிலில் நான் இருந்து பார்த்துவிட்டேன், இருக்க முடியும். நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

நெட்வொர்க் வேலைக்கு என்னை யாரும் எடுக்கவில்லை. கேஸில் இருந்த பையன் என்கிறார்கள். மறுபடியும் கேமராதான் மாட்டுகிறேன். லேப்பை விற்கவில்லை.

தம்பி,
சிவராஜ்


கொமரலிங்கம்,
12.6.2024

கண்ணு சிவராஜ்,

உனக்கும் அம்மாவுக்கும் சுகம்தானே? இதை யாரும் படிக்கவில்லை. எங்கள் தோப்பில் வேலை செய்கிற மருதாளிடம் கொடுத்து உடுமலையில் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீ வருவதை முதல் ஞாயிற்றிலிருந்தே பார்க்கிறேன். மாடியில் துணி காயப்போடுகிற இடத்திலிருந்து டீக்கடை தெரியும். பேப்பரை விரித்து வைத்துக்கொள்கிறாய், பக்கத்தைத் திருப்புவதே இல்லை. பெரிய மாமாவின் ஆட்கள் வந்து உன்னைச் சுற்றி நின்றபோது எனக்கு உயிர் போய்விட்டது. நீ அவர்களுக்கும் டீ சொன்னாயாமே, மருதாள் சொன்னாள்.

உன் மச்சானும் மாடிக்கு வந்து பார்த்தார். "உன்ற தம்பிக்கு வேற பொழப்பே இல்லையா?" என்றார். அதோடு கீழே போய்விட்டார். நீ அங்கே உட்கார்ந்திருக்கிற நாட்களில் இவர் கையை ஓங்குவதில்லை. மற்ற நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், சோறு இறங்கவில்லை என்ற உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஆனால் அதற்கு நீ பொறுப்பில்லை. நீ உயிரோடு வெளியே வர வேண்டும் என்று நினைத்தேன், வந்துவிட்டாய். அதற்குமேல் எதையும் நான் யோசிக்கவில்லை. பெரிய மாமா வந்துபோன அன்றைக்கே லேப்பைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்தேன். அம்மா கேபிளைச் சுருட்டிக் கொடுத்தாள். அவளைத் திட்டாதே.

வருவதற்குப் பயமாக இருக்கிறது. அடிக்குப் பயமில்லை, அது பழகிவிட்டது. நான் பஸ் ஏறினால் அவர்கள் உன்னை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயம். நீ ஜெயிலைப் பற்றி எழுதியதைப் படித்தேன். உனக்கு அது சுலபமாக இருந்ததில்லை, எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு இவர் தூங்கும்போது வெளியே வந்தேன். வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கிருந்து உன் முதுகு தெரிந்தது. சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அதற்குள் மாமியார், "ஏ அனிதா, எங்க போறே?" என்று கத்தினார். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். அவர் நம்பவில்லை.

அந்த டீயை மட்டும் குடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்காராதே. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வா. இந்த ஞாயிறு நான் பாலத்தைத் தாண்டுவேனா என்று எனக்கே தெரியாது, சாமி. நீ வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா,
அனிதா